லேண்ட்மாஸ்டர் எஞ்சின் தேய்ந்துவிட்டதா? திருத்துவதா, புதிது வாங்குவதா?



மரக்கறித் தோட்டம் செய்யும் குடும்பங்கள் இன்று நம்மிடையே நிறைய இருக்கின்றன. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, கோவா என்று லயத்துக்குப் பக்கத்திலும் குத்தகைக் காணியிலும் பாடுபடுகிறார்கள். மண்வெட்டியால் ஒரு வாரம் கொத்தும் நிலத்தை லேண்ட்மாஸ்டர் ஒரு நாளில் உழுது விடும். டிரெய்லர் பூட்டினால் எரு ஏற்றலாம், மரக்கறி மூட்டையைப் பெரிய ரோட்டு வரைக்கும் கொண்டு போகலாம். லேண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரிட்டிஷ் கம்பனியின் பெயர். இரண்டு சக்கர டிராக்டர் எந்தக் கம்பனியில் வந்தாலும் நம் வாயில் அந்தப் பெயர்தான் நிற்கிறது.

இந்த மெசினின் எஞ்சின் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது. அல்லது புகை கக்கும், ஒயில் குடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. ஒருவர் வந்து பார்த்து, "எஞ்சின் முடிஞ்சிருச்சு, புதுசு போடுங்க" என்பார். இன்னொருவர், "ரிங் மட்டும் மாத்தினாப் போதும்" என்பார். வீட்டில் உள்ளவர்கள் தாலிக்கொடியை அடகு வைப்பதா, சீட்டை எடுப்பதா என்று தூங்காமல் யோசிப்பார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் எஞ்சினும் உதிரிப்பாகமும் நம் கைக்கு எட்டாத விலைக்குப் போனதை எல்லோரும் அறிவோம். ஆகவே அவசரப்பட்டு எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தை இரண்டு வருடத்துக்குக் கடனில் தள்ளி விடும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். எப்படி அளப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில்: குறை எஞ்சினில்தானா?

இழுவை குறைந்தால் உடனே எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. காசு அதிகம் செலவில்லாத காரணங்களை முதலில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

1. பெல்ட். எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் பெல்ட் தளர்ந்தால் எஞ்சின் சத்தமாக ஓடும், சக்கரம் இழுக்காது. பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

2. எயார் பில்டர். அடைபட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கறுப்புப் புகை வரும். ஒயில் ஊற்றும் வகைப் பில்டர் என்றால் அடியில் சேறு கட்டியிருக்கும். கழுவி, கோடு வரைக்கும் சுத்தமான ஒயில் ஊற்ற வேண்டும்.

3. டீசல் வரும் வழி. டீசல் பில்டர் அடைபட்டாலும், குழாயில் காற்று புகுந்தாலும் எஞ்சின் விட்டு விட்டு ஓடும். தண்ணீர் கலந்த டீசலும் இதையே செய்யும். பில்டரை மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

4. நொசில். டீசல் தெளிக்கும் நொசில் பழுதானால் டீசல் புகைபோலத் தெளிக்காமல் துளியாகச் சொட்டும். நொசில் சோதிக்கும் கருவி உள்ள கராஜில் கொடுத்தால் சிறிது நேரத்தில் தெரிந்து விடும்.

5. வால்வு இடைவெளி. எஞ்சினின் கைநூலில் உள்ள அளவுக்குச் சரி செய்ய வேண்டும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். பார்ப்பவருக்கு ரிங் தேய்ந்தது போலவே தெரியும்.

6. உழும் கத்திகள். தேய்ந்து மழுங்கிய கத்தி மண்ணை வெட்டாது. பாரம் முழுக்க எஞ்சின் மேல் விழும்.

இன்னொரு விசயமும் மலைநாட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. அதனால் கீழ்நாட்டில் 12 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் இங்கே சுமார் 10 குதிரைவலுதான் தரும். முழுப் பாரத்தில் கொஞ்சம் கறுப்புப் புகையும் வரும். இது தேய்மானம் அல்ல. அதே போல, அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்து விடும். தண்ணீர்த் தொட்டி திறந்திருக்கும் எஞ்சின்களில் கொதித்து ஆவியாகி வற்றுவது வழமை. தண்ணீர் குறைகிறது என்பதற்காக மட்டும் எஞ்சின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அடிக்கடி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சின் தேய்ந்ததற்கு அடையாளங்கள்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், இனி எஞ்சினின் உள்ளே பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன்பே வெளியில் தெரியும் அடையாளங்கள் இவை.

புகையின் நிறம்: கறுப்பு என்றால் காற்று போதாது, அல்லது டீசல் கூட, அல்லது பாரம் கூட. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு ஓடும் குழல் தேய்ந்திருக்கலாம். காலையில் குளிரில் வரும் வெள்ளைப் புகை சூடானதும் நின்றால் பயமில்லை. நிற்காமல் வந்தால் நொசில், கம்ப்ரஷன், டைமிங் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

ஒயில்: அளவுக் கம்பியை ஒவ்வொரு நாளும் காலையில், மெசினைச் சமமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பத்து மணி நேர வேலைக்கு எவ்வளவு ஒயில் ஊற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒயில் பால் கலந்த தேத்தண்ணி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எஞ்சினை ஓட்டவே கூடாது.

மூச்சுக்குழாய்: எஞ்சினின் வயிற்றுப் பகுதியிலிருந்து காற்று வெளியேறும் சிறு குழாய் ஒன்று இருக்கும். அதில் புகை குபுகுபு என்று வந்தால், பிஸ்டனுக்கு மேலே இருக்க வேண்டிய அமுக்கம் ரிங்கைத் தாண்டி கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

சத்தம்: பாரம் ஏற்றும்போது ஆழமாக "டொக் டொக்" என்று அடித்தால் கிராங் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்றால், ஒரு பேரிங்குடன் போகும் செலவு முழுக் கிராங்கையும் கொண்டு போய்விடும்.

கம்ப்ரஷன் சோதனை: டீசலை மூடிவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிக்காமல், கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல எஞ்சின் ஒரு இடத்தில் கெட்டியாக எதிர்த்துப் பின்னால் தள்ளும். தேய்ந்த எஞ்சின் "புஸ்" என்று இளகிப் போகும். இளகினால், காற்று உள்ளே போகும் வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் மட்டும் விட்டு, சில சுற்றுச் சுற்றி, மறுபடியும் பாருங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம். கூடினால் பிஸ்டன் தட்டி உள்ளே வளைந்து விடும். பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக் முன்னால் செய்வதே நல்லது.

திறந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

எஞ்சினைத் திறக்கும் நாளில் உரிமையாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூட்டாக வாங்கிய மெசின் என்றால் இரண்டு பேர் நிற்க வேண்டும். கராஜில் இப்படிப் பேசலாம்:

"பாஸ், லைனர அளந்து பாத்தீங்களா? எவ்வளவு தேஞ்சிருக்கு?"

"கண்ணாலயே தெரியுதே அண்ணே."

"கோவிக்காதீங்க பாஸ். லேத் கடையில ஒருக்கா அளந்துருவோம். நாலு குடும்பத்துக் காசு, நான் போய்ப் பதில் சொல்லணும்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

லைனரின் மேல் பக்கத்தில், ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் கூட. விரல் நகத்தை ஓட்டினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். ரிங்கை லைனருக்குள் போட்டு அதன் வாய் இடைவெளியை அளப்பதும் ஒரு வழி. 95 மில்லிமீற்றர் பிஸ்டனுக்குப் புது ரிங்கின் இடைவெளி 0.3, 0.4 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பழையது அதைப் போல் பல மடங்கு திறந்து நின்றால் அதன் காலம் முடிந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செலவைக் குறைக்க, தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவார்கள். வட்டம் கெட்ட லைனரில் புது ரிங் ஒட்டி உட்காராது. மேலேயுள்ள விளிம்பில் இடித்து உடையவும் கூடும். கொஞ்ச நாளில் மறுபடியும் நீலப் புகை, மறுபடியும் கராஜ். இந்த வகைத் தண்ணீர் எஞ்சின் பலவற்றில் லைனரைக் கழற்றிப் புதிது போடலாம். லைனர், பிஸ்டன், ரிங், பின் நான்கும் ஒரே செட்டாகக் கிடைக்கும். லைனர் தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றுங்கள்.

திறந்து பார்த்ததைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று: லைனர், பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கட், நொசில் மட்டும் பழுது. இது திருத்த வேண்டிய எஞ்சின்.

இரண்டு: கிராங்கும் கீறுப்பட்டிருக்கிறது. லேத்தில் அரைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடலாம். ஆனால் அந்த அளவுப் பேரிங் கடையில் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் அரைக்கக் கொடுக்க வேண்டும். இந்த வகைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று: பிளொக் வெடித்திருக்கிறது, கொனெக்டிங் ரொட் உடைந்து பிளொக்கைத் துளைத்திருக்கிறது, அல்லது அந்த எஞ்சினுக்கு உதிரிப்பாகமே வருவதில்லை. இதில் காசு போடாதீர்கள். நல்ல பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு வேறு எஞ்சின் பாருங்கள்.

கணக்குப் போடும் முறை

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் திருத்துவது எப்போதும் மலிவாகத் தெரியும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு எவ்வளவு செலவு என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை, விலைப்பட்டியல் அல்ல. உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டு இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெசின் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு 500 மணி நேரம் ஓடுகிறது. சீட்டில் சேர்த்த பணம் 70,000 ரூபா கையில் இருக்கிறது.

முதல் வகைத் திருத்தம்: லைனர் செட் 28,000, பேரிங், கேஸ்கட் 9,000, வால்வு, நொசில் வேலை 8,000, கூலி 15,000, ஏற்றி இறக்க 5,000. மொத்தம் 65,000 ரூபா. இது 2,000 மணி நேரம் ஓடும் என்று வைத்தால், மணிக்கு 32 ரூபா 50 சதம்.

புது எஞ்சின்: பூட்டும் செலவோடு 220,000 ரூபா. இது 5,000 மணி நேரம் ஓடும் என்று வைத்தால், மணிக்கு 44 ரூபா. ஆகவே இங்கே திருத்துவதே சரி. கையில் உள்ள காசும் போதும், அடகும் தேவையில்லை.

இப்போது கிராங்கும் போய்விட்டது, இன்னும் 35,000 ரூபா தேவை என்று வைப்போம். திருத்தச் செலவு 100,000 ரூபா. 30,000 ரூபா கடன் வாங்க வேண்டும். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஒரு வருடம் கழித்துத் திருப்பினால் வட்டி 7,200. மொத்தம் 107,200 ரூபா. 2,000 மணி நேரத்துக்கு மணிக்கு 53 ரூபா 60 சதம்.

புதிதுக்கு 150,000 ரூபா கடன் வேண்டும். அதே வட்டியில் 36,000. மொத்தம் 256,000 ரூபா. 5,000 மணி நேரத்துக்கு மணிக்கு 51 ரூபா 20 சதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

கணக்கு இப்படிச் சமமாக வரும்போது மற்ற விசயங்களைப் பார்க்க வேண்டும். கியர்பெட்டி, கிளச், சக்கரம் எல்லாம் இன்னும் பத்து வருடம் தாங்குமா? மெசினே ஆட்டம் கண்டிருந்தால் அதன்மேல் புது எஞ்சின் வைப்பது, இத்துப்போன கூரைக்குப் புதுத் தகரம் அடிப்பது மாதிரி. 150,000 ரூபா கடனை ஒரு வருடத்தில் கட்டும் வருமானம் நான்கு வீட்டுக்கும் இருக்கிறதா? மழை பிந்தி, கரட் விலை விழுந்தால் யார் கட்டுவது? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால், மணிக்கு இரண்டு ரூபா கூடினாலும் சின்னக் கடனே பாதுகாப்பானது.

சில மெக்கானிக்மார், திருத்தச் செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்பார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் வட்டியையும் ஓடும் மணி நேரத்தையும் அது பார்ப்பதில்லை. அந்த இரண்டையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

வேறு எஞ்சின் வாங்குவதென்றால்

பழைய எஞ்சினின் குதிரைவலுவே போதும். கூடுதல் வலு பூட்டினால் பழைய கியர்பெட்டி பல் உடையும். போல்ட் துளைகள், சுழலும் பக்கம், புலி பூட்டும் தண்டின் பருமன் மூன்றும் பொருந்துகிறதா என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பாவித்த எஞ்சின் வாங்கினால், "நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லி வையுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சூடாக்கி வைத்த எஞ்சின் யாருக்கும் ஸ்டார்ட் ஆகும்.

எதைச் செய்தாலும் செலவை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

தேய்ந்த டீசல் எஞ்சின் தன் ஒயிலையே குடித்து, டீசலை மூடினாலும் நிற்காமல் வேகம் ஏறி ஓடுவதுண்டு. அப்போது காற்று உள்ளே போகும் வாயைத் தடித்த பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது. கிட்ட நெருங்க முடியாத அளவுக்குப் போனால் எல்லோரும் விலகிவிடுங்கள். பூட்டிய அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. கைப்பிடி சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்கள் உள்ள பக்கமே வையுங்கள். திருப்பி அடித்தால் கை முறியாமல் தப்பும். பெல்ட் ஓடும் இடத்தில் சேலை முந்தானை, சாரம், பிள்ளைகள் எதுவும் நெருங்கக் கூடாது.

திருத்திய பிறகு

முதல் 50 மணி நேரம் பாரம் குறைவாக ஓட்டுங்கள். அதன் முடிவில் ஒயிலை மாற்றுங்கள். பிறகு கைநூலில் சொன்னபடி, பெரும்பாலும் 100 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். எயார் பில்டரைத் தூசி நாட்களில் தினமும் பாருங்கள். லைனரை அரைப்பது பெரும்பாலும் நம் காணித் தூசிதான்.

ஒரு கொப்பி போடுங்கள். செக்ரோலில் பேர் விழுவது போல, யார் எத்தனை மணி ஓட்டினார்கள், எவ்வளவு ஒயில் ஊற்றினார்கள் என்று அதில் விழ வேண்டும். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 40 ரூபா தனியே வைத்தால் 500 மணிக்கு வருடம் 20,000 ரூபா. நான்கு வருடத்தில் 80,000 ரூபா. அடுத்த தடவை எஞ்சின் படுக்கும்போது நகைப் பெட்டியைத் திறக்க வேண்டி வராது. எழுதும் பொறுப்பை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுக்கலாம், கணக்கும் பழகும்.

குடும்பமாக, குழுவாக உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள்

1. நம் மெசின் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? எழுத்தில் இருக்கிறதா?
2. கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது? யார் பொறுப்பு?
3. எஞ்சின் நாளை நின்றால் கையில் எவ்வளவு இருக்கிறது? மீதிக்கு எங்கே போவோம், என்ன வட்டிக்கு?
4. கராஜுக்கு யார் இருவர் போவது?

இந்த நான்குக்கும் பதிலை மெசின் நல்லாக ஓடும் நாளிலேயே எழுதி வையுங்கள். நின்ற பிறகு, நிலம் காத்துக் கிடக்கும்போது, நிதானமாக யோசிக்க யாருக்கும் முடியாது. கணக்குப் போடத் தெரியாதவர்கள் கொப்பியையும் கராஜில் கொடுத்த செலவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.